எழுத்தும் எழுதுமுறையும்

எழுதப்படுவது எழுத்து என்பது நம்மவர் கண்ட பொருள். ஆயினும், ஒலியின் பிறப்பை விரித்துரைத்த நம் இலக்கணங்கள் வரிவடிவைச் சில நூற்பாக்களிலேயே கூறி முடித்தன. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று விதித்த தொல்காப்பியம், ஓரெழுத்தை எங்குத் தொடங்கி எவ்வழிச் சென்று எங்கு முடித்தல் வேண்டும் என்பதைக் கூறிற்றிலது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் மாணாக்கன் விரலைப் பற்றி மணலில் எழுதுவித்த அம்முறை, கையினின்று கைக்கு வந்ததேயன்றி நூலில் ஏறவில்லை. வரிவடிவ ஆராய்ச்சியிலும் சுவடிப் பதிப்பிலும் இதனால் நேர்ந்த குறையை ஈண்டு ஆராய்வோம்.

எழுதுமுறையை விதியாக வகுத்துக் கற்பிப்போர் சீனர். கிடைக்கோடு முன், நெடுங்கோடு பின். இடச்சாய்வு முன், வலச்சாய்வு பின். சூழ்ந்து நிற்கும் வரையை முன்னர் எழுதி, அகத்தை நிரப்பி, அடிக்கோட்டால் இறுதியில் மூடுக என்பன அவற்றுட் சில. சீன எழுத்தைக் கையாளும் ஜப்பானியரும் 1958ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சின் வாயிலாக இதற்கென ஒரு கைந்நூல் வெளியிட்டனர். இஃது அழகு கருதிய விதி மட்டுமன்று. விரைந்தெழுதுங்கால் கோடுகள் ஒன்றோடொன்று இணையும். அவ்விணைப்பு எழுதும் வரிசையைப் பின்பற்றியே அமையும். ஆதலின் வரிசை அறிந்தவனுக்கே விரைவெழுத்துப் படிக்க எளிதாகும்.

இவ்வுண்மை தமிழுக்கும் பொருந்தும். சீனத்தில் பத்து என்னும் எண்ணுக்குரிய எழுத்து கூட்டற்குறி வடிவினது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாக ஐராவதம் மகாதேவன் கொண்டவற்றில், ககரமும் அவ்வடிவினதே. சீன எழுத்து இன்றும் இரு கோடாகவே எழுதப்படுகின்றது. நம் ககரமோ கையெடாமல் ஒரே ஓட்டத்தில் எழுதத் தக்கதாய் மாறிவிட்டது. இரு கீற்று ஓரிழையானது எவ்வாறு?

பனையோலையே காரணம் என்பர் பலர். நேர்கோடு ஓலையின் நரம்பு வழியே கிழித்துவிடும். அதனால் எழுத்து வளைந்தது என்பது அவர் கூற்று. இது முழுதும் அமைவதன்று. ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770இல் பொறித்த தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் உள்ளது. பின்னர்ச் சோழராட்சியில் பாண்டிநாட்டிற் பரவிய தமிழெழுத்தோ ட, ப, ம முதலியவற்றில் கிடைக்கோட்டை விடாது கொண்டது. அக்கோடுகளையும் அதே ஓலை நூற்றாண்டுக்கணக்கில் தாங்கிற்றன்றோ? எனவே ஓலை ஒரு துணைக்காரணமே. எழுத்தாணியை எடாது செலுத்த விழையும் கையோட்டமே முதற்காரணம் எனல் பொருந்தும். வட்டெழுத்தை விரைவெழுத்தாகக் கண்ட பியூலர் இவ்வகையில் உண்மையை அணுகினார். அது தமிழெழுத்தினின்று பிறந்தது என்ற அவர் முடிபை ஏலாதாரும் இதனை ஏற்கலாம்.

பதிப்புத்துறையில் இதன் பயன் பெரிது. ஏடுகளில் புள்ளி இடுவதில்லை. காலும் ரகரமும் ஒரு வடிவின. ஒற்றைக்கொம்பே குறிலுக்கும் நெடிலுக்கும் பொது. ஆகவே கொம்பு, ககரம், கால் என மூன்று குறி வரின் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு வகையிற் படிக்க இடமுண்டு. ஒலியில் முன்னிற்கும் ககரம் எழுத்தில் கொம்புக்குப் பின் வருதலும் நோக்கத்தக்கது. இவை வடிவால் வரும் மயக்கம். கையோட்டத்தால் வருவது வேறு. ககரமும் தகரமும் இன்றைய கையெழுத்தில் ஒத்த தொடக்கமுடையன; முடிவில், கீழிறங்கும் வாலினாலேயே தகரம் வேறுபடும். விரையுங் கை அவ்வாலைக் குறைப்பின் தகரம் ககரமாகும். ககரத்தை நீட்டிவிடின் தகரமாகும். பாடவேறுபாடு காட்டும் பதிப்பாசிரியர் இவ்விருவகையையும் பிரித்துக் காட்டுவாராயின், எப்பாடம் எழுதுவோன் பிழை, எது புலவர் வேறுபாடு என்பது விளங்கும்.

ஓலையெழுதுங் கை இன்று அருகிவிட்டது, ஓலை எஞ்சியுள்ளது. கீறல்கள் குறுக்கிடுமிடத்துப் பிற்கீறல் முற்கீறலை அறுத்துச் செல்லும். உருப்பெருக்கியால் நோக்கின், ஏட்டிலும் கீழடிப் பானையோட்டிலும் எழுதிய வரிசை ஓரளவு புலப்படக்கூடும். ஒளிப்படம் வடிவைக் காக்கும். கீறலின் ஆழத்தைக் காவாது. ஆதலின் படம் எடுத்தபின் ஏட்டைப் பேணாது விடுதல் தகாது. ஏடு செல்லரிக்குமுன் அதன் எழுதுமுறையையும் பதிந்து வைத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.