காத்தானைப் பங்கிடும் கலை

யாழ்ப்பாணத்து ஊரொன்றில், அம்மன் கோயில் வெளியில் காத்தவராயன் கூத்துப் போடுவதென்று முடிவானால், என்ன கதை என்று யாரும் கேட்கமாட்டார்கள். கதை சிறுபிள்ளைக்கும் தெரியும். பாட்டும் பலருக்கு மனப்பாடம். கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: யார் எந்தக் காத்தான்? கதாநாயகன் ஒருவன் என்றாலும் அவனை ஆடுபவர்கள் பலர். பாலகனாக வருபவர் ஒருவர், வாலிபனாக வருபவர் இன்னொருவர், விடியும் நேரத்தில் கழுமரம் ஏறுபவர் வேறொருவர். பாலக்காத்தான், ஆதிக்காத்தான், முந்திய காத்தான், பிந்திய காத்தான் என்று பெயர்களும் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் மாறும். தாய் முத்துமாரியும் சில இடங்களில் இப்படியே பிரிந்து வருவாள். கூத்துப் பார்த்தவர்கள் குரலைப் புகழ்வார்கள், ஆர்மோனியத்தைப் புகழ்வார்கள், கழுவேறும் காட்சியைப் புகழ்வார்கள். அவையெல்லாம் புகழுக்கு உரியவைதான். ஆனாலும் இந்தக் கூத்தின் மிக நுட்பமான கலைவேலை முதற் பாட்டு எழுவதற்குப் பல வாரம் முன்னமே, பாத்திரங்களைப் பங்கிடும் அந்தப் பேச்சில் நடந்துவிடுகிறது என்பது என் கட்சி. ஒரு மாயக்கதையை ஓர் ஊர் கூடித் திட்டமிடும் வித்தையென்று அதைத் தனியாக எடுத்துப் பார்த்து ரசிக்க வேண்டும்.

மாயக்கதை என்று சொன்னதில் மிகை இல்லை. சாபத்தால் மண்ணில் பிறக்கும் தெய்வப்பிள்ளை காத்தவராயன். அந்தணர் குலத்து ஆரியமாலைமீது ஆசை வைக்கிறான். தாய் தடுக்கிறாள், செய்ய முடியாத காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுமத்தி அனுப்புகிறாள். அவன் முடித்துவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்கிறான். வழியில் உருமாற்றமும் மந்திரப் போட்டியும் குறைவில்லாமல் உண்டு. தமிழகத்துக் கதைப்பாடலில் தொட்டியத்துச் சின்னான் பேர்பெற்ற மந்திரவாதி. காத்தவராயனிடம் தோற்று, பிறகு அவனுடைய உயிர்த்தோழன் ஆகிறான். கதையின் முடிவில் கழுமரம் காத்திருக்கிறது, அது தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டது. 1958இல் சிவாஜி கணேசன் நடித்த ‘காத்தவராயன்’ படம் இதே கதையைத் திரையில் காட்டியது. ஈழத்தில் அதற்கு அப்பாலும் இது கோயில் வாசலில், நேர்த்திக்கடனாக, ஊரவர் தாமே ஆடும் கூத்தாக நிலைத்து நின்றது. மாரியம்மனுக்கு நேர்ந்து, விரதம் பிடித்து, பாத்திரம் ஏற்று ஆடுவது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்றும் உள்ள வழக்கம்.

இந்த மாயத்தை மேடையில் எப்படிக் காட்டுகிறார்கள்? வான்வழி இறங்கும் கயிறு கிடையாது, புகையும் கண்ணாடியும் கிடையாது. உருமாறினேன் என்று பாட்டுச் சொல்கிறது. பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். முன்னால் பாய் விரித்திருக்கும் சனம் ஏற்றுக்கொள்கிறது. மாயத்தின் முழுப் பாரமும் உடன்பாட்டின் மேல் நிற்கிறது. ஆகவே உடன்பாட்டை முன்கூட்டியே கட்டி எழுப்புவதுதான் முதல் வேலை. யார் ஆடுவது, யார் பாடுவது, எந்த வேளையில் யார் வரவு என்று பேசி முடிப்பதும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பதும், இரவிரவாகப் பழக்குவதும் எல்லாம் அந்த வேலையின் பகுதிகள். பழக்கம் நடக்கும் நாட்களில் ஊர்ச் சிறுவர்கள் சுற்றி நிற்பார்கள். அரங்கேறும் இரவில் பார்ப்பவரில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே பாதிக்கூத்தைப் பழக்கத்திலேயே பார்த்தவர்கள். ஒரு வாலிபன் சேலை கட்டி முத்துமாரியாக வரும்போது எவரும் தயங்காமல் கைகூப்புவதற்கு, முந்திய வாரங்களில் போடப்பட்ட இந்த அடித்தளமே காரணம்.

இனிப் பங்கீட்டுக்கு வருவோம். இதில்தான் அண்ணாவியாரின் மெய்யான திறமை தெரியும். ஒரே ஆளைப் பலர் ஆடுவதென்றால், எந்த இடத்தில் வெட்டுவது என்பது பெரிய கேள்வி. கண்ட இடத்தில் வெட்டினால் ஆள் மாறியது மட்டும்தான் தெரியும். நல்ல இடத்தில் வெட்டினால் காத்தானே வளர்ந்தது தெரியும். பிள்ளைக்குரல் உடையாமல் இருக்கும் சிறுவனுக்கு அடம்பிடிக்கும் பகுதி. குரல் கனத்த இளைஞனுக்கு ஆசையும் வீம்பும் நிறைந்த பகுதி. நடுச்சாமத்தில் சனம் கண்ணயரும் வேளைக்கு, பகிடியும் விரைவும் கைவந்த ஒருவர். கடைசிக் காத்தானைத் தேர்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். இரவு முழுதும் காத்திருந்து, விடியப்போகும் நேரத்தில் புதுக்குரலோடு வந்து, கழுமரத்தில் ஏறி நின்று புலம்பிப் பாட அவரால் முடிய வேண்டும். ஒரே நடிகர் மாலையிலிருந்து பாடி வந்தால் அந்த நேரத்தில் தொண்டை கட்டிப்போயிருக்கும். பங்கிட்டதால் கழுவேற்றத்துக்கு ஓய்வெடுத்த உடலும் தெளிந்த குரலும் கிடைக்கின்றன. ஆர்மோனியக்காரருக்கும் இதில் ஒரு சோதனை இருக்கிறது: ஒருவர் போய் மற்றவர் வரும்போது கட்டை மாறும், ஆனால் மெட்டின் மணம் மாறக்கூடாது. தேர்ந்த ஆர்மோனியக்காரர் அந்த மாற்றத்தைப் புதிய காத்தானின் வரவுப் பாட்டுக்கு முன்பே காதுக்குப் பழக்கிவிடுவார். உடல்கள் மாற, ஆளை ஒருவனாக வைத்திருப்பது அந்த மெட்டும் நடையும். காத்தான் கூத்தைச் சிந்துநடைக் கூத்து என்று சொல்வது இதனால் பொருத்தம். வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் கடுமையான தாளக்கட்டும் ஆட்டக்கோலமும் இதில் இல்லை. பாட்டோடு ஒட்டிய மெல்லிய நடைதான். வருடக்கணக்கில் ஆட்டம் பயிலாதவரும் சில வாரத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய அந்த நடை, பலர் வந்து கலந்துகொள்வதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது.

இதற்கு நேரெதிரான அழகும் யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து ‘மயான காண்டம்’ இசை நாடகத்தில் அரிச்சந்திரனாக வந்தது 3000 தடவைக்கும் மேல் என்பார்கள். அரிச்சந்திரன் என்றதும் அந்த ஒரு குரலே நினைவுக்கு வரும் அளவுக்குப் பாத்திரமும் நடிகரும் ஒன்றாகிப் போனார்கள். இசை நாடகத்தின் இலக்கணம் அது. பாத்திரம் தனக்குரிய மகா நடிகனைத் தேடுகிறது. காத்தான் கூத்து அப்படித் தேடுவதில்லை. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் வீண். ஆனால் ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளப்பது பிழை, அந்தப் பிழைதான் காத்தான் கூத்துக்கு அடிக்கடி நேர்ந்திருக்கிறது. ஜப்பானின் புன்ராக்கு அரங்கில் ஒரே பாவையை மூவர் சேர்ந்து இயக்குவதை உலகம் வியந்து பார்க்கிறது. ஒரே வீரனைப் பல மனிதர் அடுத்தடுத்து ஏற்று உயிர் கொடுப்பது அதற்கு எந்த விதத்தில் குறைவு?

கற்பனைத் திட்டமிடல் என்று இதைச் சொல்வதற்கு ஒரு மறுப்பு எழும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடக்கிவைத்த பாத்திர விளையாட்டுகளில், மந்திரவாதிகளும் வீரர்களும் என்ன செய்வார்கள் என்பது ஆடுபவர்களின் கையில் இருக்கிறது. கதை அந்த மேசையில், அந்த இரவில் பிறக்கிறது. காத்தான் கூத்திலோ கழுமரம் வரை எல்லாம் எழுதி முடிந்தது. இதில் கூடித் திட்டமிட என்ன மிச்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், சுதந்திரம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதுதான். அந்த விளையாட்டில் ஆளுக்கொரு பாத்திரம், கதை திறந்தது. இந்தக் கூத்தில் கதை மூடியது, பாத்திரம் திறந்தது. என்ன நடக்கும் என்பதில் ஐயமில்லாததால், எல்லோருடைய கவனமும் எப்படி நடக்கும் என்பதில் குவிகிறது. போன முறை பிந்திய காத்தான் பாடிய இடத்தை இந்த முறை இவன் எப்படிப் பாடப்போகிறான் என்று காத்திருக்கும் சனத்துக்கு, கதை முடிவு தெரிந்திருப்பது தடையாவதே இல்லை. விளையாட்டு மேசையில் ஆட்டத்தை நடத்தும் நெறியாளர் அந்த உலகின் விதிகளைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரரை விடுகிறார். அண்ணாவியார் ஆட்டக்காரரைப் பழக்கிவிட்டுக் கதையைத் தெய்வத்திடம் விடுகிறார். இரண்டு இடத்திலும் பலபேர் ஒரு பொய்யுலகை நம்புவதற்கு முன்கூட்டியே பொருந்துகிறார்கள். அந்தப் பொருத்தத்தை உண்டாக்கும் வேலை ஒன்றேதான்.

நேர்த்திக்காக ஆடுவதில் கலை கெட்டுவிடும் என்பது அடுத்த மறுப்பு. பிள்ளைக்கு நோய் மாறினால் காத்தானாக ஆடுவேன் என்று நேர்ந்தவரிடம் உனக்குக் குரல் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது, சொல்லக்கூடாது. சில கூத்துகளில் இதனால் சுருதி தடுமாறுவதும் தாளம் நழுவுவதும் உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் காத்தான்கள் பலராக இருப்பதே இந்தச் சிக்கலுக்குக் கூத்து கண்டுபிடித்த வழி. நேர்த்தி கொண்ட எளிய குரலுக்கு ஒரு சிறு காத்தான் உண்டு. அவர் வந்து, பாடி, அம்மனுக்குக் கடன் தீர்த்துப் போவார். கனமான பகுதி கனமான குரலிடம் போகும். திறமை குறைந்தவரைத் தள்ளாமலும் கூத்தைக் கெடுக்காமலும் இருவகைத் தேவையையும் ஒரே ஏற்பாட்டில் முடிக்கும் இந்த மதிநுட்பத்தைத் தொழில்முறை நாடகக் குழுக்களில் எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு அந்தத் தேவையே இல்லை.

நீளம் பற்றிய குறையும் பழையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று கூத்துகளைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, படித்தவர்கள் கூத்தைக் கலையென்று மதிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கடன் பெரிது. ‘இராவணேசன்’ ஒரு பாத்திரத்தின் அகப்போராட்டத்தைச் செறிவாகக் காட்டியது என்பதையும் மறுக்க முடியாது. வடமோடிக் கூத்துக்குப் பொருந்திய அந்தச் செதுக்கலைக் காத்தான் கூத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு காத்தான் போதும். மற்றக் காத்தான்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு அவர்களுடைய குடும்பங்களும், அவர்களைப் பழக்கிய வாரங்களும், அவர்களைப் பார்க்க வந்த சனமும் போய்விடும். இரவின் நீளத்தைச் சோம்பல் என்று எண்ணுவோர் அதற்குள் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மேடைக்கென ஒரு குறுங்காத்தான் இருக்கட்டும், வரவேற்பேன். கோயில் வெளியில் மட்டும் இரவைச் சுருக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் பாரமான மறுப்பு சாதி பற்றியது. ஊர் கூடி ஆடும் கூத்து என்று எழுதும்போது அந்த ஊருக்குள் யார் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோயிலும் கூத்தும் நெடுங்காலம் சாதி எல்லைக்குள் நின்றவை. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். குலம் பொருந்தாத ஆசைக்குக் கழுமரத்தைப் பரிசாகக் கொடுக்கும் ஒரு கதையை, குலம் பார்த்தே கூடிய குழுக்கள் ஆடி வந்தன என்பது கசப்பான உண்மை. இதைச் சொல்லாமல் கூத்தைப் புகழ்வது நேர்மையாகாது. அதே நேரம், பாத்திரத்தை ஒருவருக்குச் சொந்தமாக்காத இந்த அமைப்புக்குள்ளேயே அந்த வேலியைத் தாண்டும் வழியும் இருக்கிறது. காத்தானைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க அறிந்த கூத்துக்கு, அடுத்த காத்தானை அடுத்த குறிச்சியிலிருந்து அழைக்க இலக்கணத் தடை எதுவும் கிடையாது. தடை முழுக்க மனிதர் போட்டது. பெண்கள் கூத்து மேடை ஏறும் வழக்கம் இன்று வந்துவிட்டது. ஆரியமாலையின் பகுதியையும் முத்துமாரியின் பகுதியையும் பெண்குரலில் கேட்கும்போது, தாயும் மகனும் வாதாடும் பாட்டுகளுக்கு இதுவரை கேளாத ஒரு நிறம் கிடைக்கிறது.

பாத்திரத்தைப் பகிர்ந்ததன் பயனைப் போரும் காட்டியது. 1995இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. அந்தக் காலத்துப் போரில் கோயில்களும் வீடுகளும் அழிந்தன, கொப்பிகளும் அழிந்தன. அப்படியிருந்தும் காத்தான் கூத்து தொடர்வதற்கு, அது பலபேர் தலையில் பகிர்ந்து கிடந்தது ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். முந்திய காத்தானின் பாட்டு ஒருவரிடமும் பிந்திய காத்தானின் பாட்டு இன்னொருவரிடமும் தங்கியிருந்தன. சேர்ந்து உட்கார்ந்தால் கூத்துத் திரும்பி வந்துவிடும். புலம்பெயர்ந்த நாடுகளின் மண்டபங்களிலும் அது அப்படியே மறுபடி கூடியது. இன்று அந்தப் பாட்டுகளைத் தலையில் சுமந்த தலைமுறை மூத்துக்கொண்டிருக்கிறது. பாட்டைப் பதிவு செய்வதில் பலர் அக்கறை காட்டுகிறார்கள், மகிழ்ச்சி. அது பாதி வேலைதான். உங்கள் ஊரில் காத்தான் எந்தப் பாட்டோடு போய் எந்தப் பாட்டோடு வருகிறான், எந்தக் குரலுக்கு எந்தப் பகுதி கொடுப்பார்கள், யாருடைய நேர்த்திக்கு எந்தப் பாத்திரம் போனது, கடைசிக் காத்தானை எதைப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்பவற்றை அண்ணாவியார்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கூத்துப் பிரதி அச்சிடுபவர்கள் அந்தப் பங்கீட்டையும் பாட்டோடு சேர்த்து அச்சிட வேண்டும்.