அழிவுக்குப் பின் எழும் ஊர்கள்: குடியேற்ற விளையாட்டுகளின் மரபும் அளவுகோலும்

உலகம் அழிந்துவிட்டது. மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர். கையிருப்பில் சிறிது மரமும் சிறிது உணவும். இவர்களை வைத்து ஓர் ஊரைக் கட்டி எழுப்ப வேண்டும், அடுத்த மாரிவரை உயிரோடு காக்க வேண்டும். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செழித்து வளர்ந்த ஒரு விளையாட்டு மரபின் சாரம் இதுதான். இலங்கை மலையகத்தின் வலப்பனையிலும் இராகலையிலும் ஹட்டனிலும் நம் இளைஞர்கள் இவற்றை ஆடுகிறார்கள். பெரியவர்களோ ‘கேம்’ என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறோம். நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதும் சமூகம் இதற்கும் எழுத வேண்டும். எது நல்ல ஆக்கம், எது குறைபட்டது, எதைக் கொண்டு அளப்பது என்று பேச வேண்டும்.

அப்படிப் பேச மலையகத்துக்குத் தனித்த உரிமை உண்டு. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிரை அடியோடு வீழ்த்தியது. அதே சரிவுகளில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை பரவியது. ஒரு பயிரின் அழிவுக்குப் பின் மேலிருந்து திட்டமிடப்பட்ட குடியேற்றத்திலேதான் நாம் பிறந்தோம். லயம் எனும் வரிசை வீடுகள் எங்கே, காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்களம் எங்கே, கொழுந்து நிறுக்கும் மடுவம் எங்கே, லயத்தின் ஒரு காம்பரா அறையில் எத்தனை பேர் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். ஆகவே இவ்விளையாட்டுகளை ஊர் கட்டுபவனின் பக்கத்திலிருந்து மட்டுமல்ல, கட்டப்பட்ட ஊரில் குடியிருப்பவனின் பக்கத்திலிருந்தும் நம்மால் பார்க்க முடியும்.

நான்கு பள்ளிகள்

முதலாவது கதைப் பள்ளி. இதன் மூதாதை 2006இல் டார்ன் அடம்ஸ், ஸக் அடம்ஸ் சகோதரர்கள் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோட்ரஸ்’. எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே திரையில் காட்டிய இந்த விளையாட்டு, ஒவ்வொரு குள்ளனுக்கும் ஒரு நினைவும் உறவும் குணமும் கொடுத்தது. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்த முதல் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. இதன் வழிவந்தது டைனன் சில்வெஸ்டரின் ‘ரிம்வேர்ல்ட்’. பல ஆண்டுகள் சோதனைப் பதிப்பாக வளர்ந்து 2018இல் முழுமை பெற்றது. விண்கலம் நொறுங்கி, தூரத்துக் கோளொன்றில் ஒதுங்கிய மூவரோடு ஆட்டம் தொடங்குகிறது. இவர்கள் வெறும் வேலைக் கரங்களாக இருந்துவிடுவதில்லை. மேசை இல்லாமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவர்களுக்கு மனம் வாடும். ஒரே அறையில் பலரோடு படுத்து உறக்கம் கெட்டால் எரிச்சல் ஏறும். எரிச்சல் எல்லை கடந்தால் வேலையைப் போட்டுவிட்டுத் தன் போக்கில் போய்விடுவார்கள். ஒற்றைக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய நமக்கு, தனியறை இல்லாமை ஒரு மனித உள்ளத்தை என்ன செய்யும் என்பதை ஒரு விளையாட்டு கணக்கில் எடுப்பது சாதாரண விடயம் அல்ல.

இரண்டாவது மண்-நீர்ப் பள்ளி. லூக் ஹொடோரோவிச் தனியாளாக உருவாக்கி 2014இல் வெளியிட்ட ‘பேனிஷ்ட்’ இதன் செவ்வியல் ஆக்கம். ஊரைவிட்டு விரட்டப்பட்ட சில குடும்பங்கள் புதிய இடத்தில் வாழத் தொடங்குகின்றன. இதில் பணமே கிடையாது; பண்டத்துக்குப் பண்டம்தான். அடிப்படைச் செல்வம் மக்கள். வீடு கட்டாமல் விட்டால் இளம் சோடிகள் தனிக்குடித்தனம் போக மாட்டார்கள், குழந்தைகள் பிறக்காது. அவசரப்பட்டு ஒரே நேரத்தில் நிறைய வீடு கட்டினால் ஒரே வயதினர் கூட்டமாக வளர்ந்து, கூட்டமாக மூத்து, கூட்டமாக மறைந்துபோவார்கள்; வயலில் இறங்க ஆளிருக்காது. ஜெர்மனியில் உருவாகி 2021இல் முழுமை பெற்ற ‘எண்ட்ஸோன்’ இதே அச்சில் கதிர்வீச்சையும் வறட்சியையும் சேர்த்தது. போலந்தில் உருவான ‘டிம்பர்போர்ன்’ மனிதர் அற்றுப்போன உலகில் நீர்நாய் போன்ற பீவர்களை அணை கட்ட வைக்கிறது. அணையை எங்கே வைத்தால் எந்தப் பள்ளம் நிரம்பும், வறட்சி வந்தால் எந்த வயல் முதலில் கருகும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய விளையாட்டு அரிது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று மகாவலியின் அணைகளைக் கண்ணெதிரே கண்ட நமக்கு இதன் கணக்கு எளிதில் புரியும்.

மூன்றாவது சட்டப் பள்ளி. போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2018இல் வெளியிட்ட ‘ஃப்ரொஸ்ட்பங்க்’ இதன் உச்சம். பூமி உறைந்துவிட்டது. பெரும் வெப்ப உலையொன்றைச் சுற்றி 80 பேர். நிலக்கரி போதவில்லை, தோண்ட ஆளில்லை. அப்போது சட்டப் புத்தகம் திறக்கிறது: சிறுவர்களை வேலைக்கு அனுப்பலாமா, அவர்களுக்கொரு காப்பகம் கட்டலாமா? அனுப்பினால் இன்றைய கரி கிடைக்கும். காப்பகம் கட்டினால் பின்னாளில் அதே பிள்ளைகள் மருத்துவருக்கோ பொறியாளருக்கோ உதவியாளராகலாம். அந்தப் ‘பின்னாள்’ வரும்வரை உலை அணையாதிருக்குமா என்பதுதான் கேள்வி. 14 மணி நேர வேலை, உணவில் மரத்தூள் என்று ஒவ்வொரு சட்டமும் ஒரு சிறு நியாயத்தோடுதான் வருகிறது. கடைசியில் நாம் கட்டிய நகரம் முதல் நாளிலிருந்து வேகமாக ஓடிக் காட்டப்பட, நாம் ஒப்பமிட்டவை எல்லாம் வரிசையாக நம் முன் வருகின்றன. 2024இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு சபையைக் கொண்டுவந்தது. நூறு பிரதிநிதிகளில் பெரும்பான்மையினர் ஆதரித்து வாக்களித்தால்தான் சட்டம் நிறைவேறும். ஆனால் நகரம் பெரிதாகப் பெரிதாக மனிதர் சிறுத்துப்போனார்கள். முதல் பாகத்தில் பெயரோடு இருந்தவர்கள் இரண்டாம் பாகத்தில் தொகையாகிவிட்டார்கள். இதே நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு ஆக்கமான ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ முற்றுகையிடப்பட்ட நகரில் ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பொதுமக்களைப் பற்றியது. அதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக போலந்து அரசு 2020இல் அறிவித்தது. ஒரு நாடு ஒரு விளையாட்டை இலக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்ததற்கு இது நல்ல சான்று.

நான்காவது கைத்தொலைபேசிப் பள்ளி. நம் இளைஞர்களில் பலருக்கு எட்டுவது இதுதான். ஏனென்றால் போன் கையில் இருக்கிறது, கணினி இல்லை. 2015இல் வந்த ‘ஃபோல்அவுட் ஷெல்டர்’ அணுப்போருக்குப் பின் நிலத்தடிக் காப்பறையொன்றை நடத்தச் சொல்கிறது. அழகானது, எளிதில் பிடிபடுவது. ஆனால் உண்மைப் பணம் கொடுத்தால் பரிசுப் பெட்டி வாங்கலாம். பெட்டியில் வருவதைக் கொண்டு தட்டுப்பாட்டைத் தாண்டிவிடலாம். தட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு கலை, அந்தத் தட்டுப்பாட்டையே காசுக்கு விற்கத் தொடங்கும்போது அதன் உயிர் போய்விடுகிறது.

பலம்: பற்றாக்குறையின் சங்கிலி

நான்கு பள்ளிகளுக்கும் பொதுவான பெருமை ஒன்று உண்டு. ஒரு குறை இன்னொரு குறையை எப்படி இழுத்து வருகிறது என்பதை இவற்றைப்போல் வேறெந்தக் கலையும் கைப்படக் கற்பிப்பதில்லை. விறகு குறைந்தால் குளிர், குளிரால் நோய், நோயால் ஆள் குறைவு, ஆள் குறைவால் மீண்டும் விறகுக் குறைவு. முதல் கண்ணி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும்போது ஆட்டம் பெரும்பாலும் கைமீறியிருக்கும்.

வலப்பனையின் சொந்த வரலாறே இந்தச் சங்கிலிதான். தோட்டங்களுக்கு வெளியே, கிராமத்து விவசாயிகளின் வீட்டு வளவுகளிலும் கோப்பி நின்றது. கைக்குக் காசு வந்தது அதிலிருந்துதான். கோப்பி பட்டது, காசு நின்றது. நெல்வரி மட்டும் நிற்கவில்லை. வரியைக் காசாகக் கட்ட முடியாதவர்களின் வயல்கள் 1880களில் விற்கப்பட்டன. நிலமிழந்தவர்களில் பலர் பசியால் மாண்டார்கள். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இதை எழுதி வெளிக்கொணர்ந்தார்; விவகாரம் இங்கிலாந்து வரை போனது; 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. ஓர் இலையில் படிந்த துரு, கோப்பி பயிரிடும் துரைகளை மட்டுமல்லாமல் நெல் விதைத்தவனையும் கொன்ற கதை இது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டதையும், மறு ஆண்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதையும் அனுபவித்த தலைமுறைக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. நல்ல விளையாட்டு இந்தப் பட்டறிவைப் பகுத்தறிவாக்குகிறது. இது சிறிய சேவை அல்ல.

குறைகள்

முதல் குறை, பார்வையின் குறை. ஆடுபவர் எப்போதும் மேலிருந்தே பார்க்கிறார். குன்றின் மேல் பங்களாவில் நின்று லயத்தைப் பார்க்கும் துரையின் பார்வை அது. யார் எந்த வேலைக்கு என்பது ஒரே சொடுக்கில் முடிகிறது. தோட்டத்தில் காலைப் பிரட்டு அப்படி நடந்ததில்லை. மழைக்கு ஒதுங்கியவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராதவள், கங்காணியோடு வாய்த்தர்க்கம் செய்பவள், அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்டதற்காகக் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்பவள் என்று எல்லாரும் அந்தக் களத்தில் இருந்தார்கள். செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தவர்கள் அந்த வரிக்குள் அடங்கவில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தனின் பெயர் இன்றும் நினைக்கப்படுவது அதனால்தான். பெரும்பாலான விளையாட்டுகளில் மக்களின் அதிருப்தி ஒரு மீற்றராகத்தான் ஏறி இறங்குகிறது. அது சங்கமாவதில்லை, கோரிக்கை எழுதுவதில்லை, பேச்சுவார்த்தைக்கு உட்காருவதில்லை.

இரண்டாவது, வெற்று நிலம் என்ற கற்பனை. ஆட்டம் தொடங்கும்போது நிலம் யாருக்கும் சொந்தமில்லை. உலகம் அழிந்துவிட்டது என்ற முன்கதை இந்தக் கேள்வியையே துடைத்துவிடுகிறது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் செய்ததும் இதுதான்: உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் அரசுடைமை என்றது. தோட்டங்கள் எழுந்தன. வெற்று நிலம் என்று சொல்லப்பட்ட இடத்தில் முன்பு யார் விதைத்தார்கள் என்று கேட்கும் குடியேற்ற விளையாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, மலை அசைவதில்லை. வறட்சி வரும், நச்சு மழை வரும், விண்கல்கூட விழும். ஆனால் பெரும்பாலானவற்றில் மலை என்பது கல் வெட்டும் இடம் அல்லது வழியை மறிக்கும் சுவர். சரிவில் காடழித்தால் மண் கீழே வரும் என்ற கணக்கை இம்மரபில் காண்பது அரிது. 2007 சனவரியில் வலப்பனையில் மண்சரிந்ததை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகம் முழுவதையும் உலுக்கியது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்பது முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். ஏனென்றால் வேலை அங்கே, பாடசாலை அங்கே, கோயில் அங்கே; போய்க் குடியேற வேறு காணி கையில் இல்லை. விளையாட்டில் வீட்டை இடித்து வேறிடத்தில் கட்டுவது அரை நிமிட வேலை. இடம்பெயர்வின் உண்மையான விலையைக் கணக்கிடாத குடியேற்ற விளையாட்டு, தன் பெயருக்குரிய பொருளின் பாதியைத் தவறவிடுகிறது.

நான்காவது, வளர்ச்சியைத் தவிர வேறு இலக்கு இல்லை. இதற்கு மாற்றாகத் தென்னாபிரிக்காவில் உருவாகி 2023இல் வந்த ‘டெரா நில்’ பாழ்நிலத்தை மீட்டு, இறுதியில் நாம் கட்டியவற்றையும் பிரித்தெடுத்துக்கொண்டு வெளியேறச் சொல்கிறது. துணிவான சிந்தனை. ஆயினும் அதில் மனிதரே இல்லை. நிலத்தை மீட்டபின் அங்கே எப்படி வாழ்வது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

நமது அளவுகோல்

இவற்றைத் தொகுத்தால் ஐந்து கேள்விகள் கிடைக்கின்றன. பற்றாக்குறையின் சங்கிலி நேர்மையாக ஓடுகிறதா? காசால் அதை அறுக்க முடியாதபடி காக்கப்பட்டிருக்கிறதா? மக்களுக்கு வேலை முடிந்த பின்னும் ஒரு வாழ்க்கை இருக்கிறதா? நிலத்துக்கு ஒரு பழைய கதையும் சொந்தக் குணமும் இருக்கின்றனவா? ஆளப்படுபவர்கள் ஒன்றுகூடி மறுக்க முடிகிறதா? ‘பேனிஷ்ட்’ முதல் இரண்டில் சிறந்தது. ‘ரிம்வேர்ல்ட்’ மூன்றாவதில் ஈடிணையற்றது. ஆனால் ஊரின் செல்வம் கூடக்கூடக் கொள்ளையர் படையும் பெருகும் என்ற அதன் விதி, முன்னேறாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆடுபவரைப் பழக்கிவிடுகிறது. ஐந்தாவதை எட்டிப்பிடிக்க முயல்வது ‘ஃப்ரொஸ்ட்பங்க்’ மட்டுமே. ஐந்தும் ஒருங்கே அமைந்த ஆக்கம் இன்னும் வரவில்லை.

அது ஏன் நம்மிடமிருந்து வரக்கூடாது? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையை வைத்து ரொறன்ரோவில் உருவான ‘வெண்பா’ 2023இல் வெளியாகி, மறு ஆண்டே சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. இட்லியும் புட்டும் உலகத் திரைக்குப் போகலாம் என்றால் லயமும் போகலாம். இன்று மென்பொருள் படிக்கும் மலையகப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுப்போம்: சரிவான மலை, அதன் மடியில் லயம், மேலே மழைமானி, சிவப்பு எச்சரிக்கை வந்ததும் மக்கள் தஞ்சம் புகும் பாடசாலை மண்டபம், பல தலைமுறைகளாகப் பாடுபட்டும் உறுதியாகக் கைக்கு வராத ஏழு பேர்ச்சஸ் காணி. அந்த ஆட்டத்தில் ஊர் முழுவதும் பிரட்டுக்கு வர மறுக்கும் ஒரு காலையும் இருக்க வேண்டும். ஆடுபவர் அன்று கீழே இறங்கி வந்து அவர்களோடு பேசினால்தான் அடுத்த நாள் விடியும் என்பது அதன் முதல் விதியாக இருக்கட்டும்.