கிணற்றுப் பங்கும் நிலத்தடி நீரும்: தென்மராட்சி நோக்கில் ஒரு விமர்சனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் பற்றி ஆராய்வோர் பொறியியல் அறிக்கைகளோடு நின்றுவிடுவதே வழக்கம். காணி உறுதிகளை அவர்கள் ஆராய்தற்குரிய எழுத்தாகவே கொள்வதில்லை. ஆயின், நிலத்தோடு கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் கைமாற்றும் அவ்வுறுதிகளே நீர் பற்றிய நமது சமூகத்தின் கருத்தை மறைவின்றிக் காட்டுவன. கிணறு நிலத்துக்கு உரியது, நிலம் உடையவனுக்கு உரியது என்பதே அக்கருத்து.

நிலத்தின் இயல்போ இதற்கு மாறானது. நிரந்தர ஆறற்ற இப்பிரதேசத்தில், மாரி மழை சுண்ணக்கல்லினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும். மேலே ஓர் அடி குறையின் கீழிருந்து உவர் அந்த அளவுக்கு உயரும். பிற வரண்ட பிரதேசங்களில் ஆழத் தோண்டுதல் தீர்வாகலாம்; இங்கு அது உவரைத் தேடிச் செல்வதாகும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பது பலரறிந்ததே. வடக்கிலும் தெற்கிலும் நீரேரிகள் நெருக்கும் சாவகச்சேரிப் பகுதியில் இவ்வபாயம் இன்னும் அணித்தாயுள்ளது. வேலி காணியைப் பிரிக்கும், வில்லையைப் பிரிக்காது.

துலா இருந்த காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. 1950களின் பின் பரவிய நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றியது. இயந்திரத்தைப் பழித்துப் பயனில்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பல குடும்பங்களைக் கரைசேர்த்தன. ஆனால் பங்கின் அளவைக் குறித்த உறுதி, இறைக்கும் நீரின் அளவைக் குறிக்கவில்லை.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இவ்விடத்து நோக்கற்பாலது. ஆனையிறவு நீரேரியின் நன்னீரை முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொணர்வதே அதன் கரு. அதன் உண்மைச் சிறப்பு ஆற்றில் அன்று, நீரேரிகளை நன்னீராக்கி வில்லையைத் தாங்கும் உபாயத்திலேயே உள்ளது. (பெயர் கவர்ச்சியானதே, கருத்தை மறைத்ததும் அதுவே.) திட்டம் முழுமை பெறவில்லை. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொணரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். 2024இல் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிநீர் தரும், வில்லையை நிரப்பாது.

எனினும், நிரப்பப்படும் நீரை இறைப்பவர் யார் என்ற வினாவை ஆறுமுகத்தின் திட்டம் எழுப்பவில்லை. அதனை எழுப்பியது இலக்கியமே. கே. டானியலின் 'தண்ணீர்' நாவலை நீரியலாளர் படிப்பதில்லை. கிணற்றில் அள்ளும் உரிமையின்றி, குடத்தோடு காத்திருந்து, பிறர் வார்க்கும் நீரைப் பெற்றவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தனர். நிலமற்றோருக்குக் கிணற்றுப் பங்குமில்லை. உறுதியின் மௌனம் சாதியின் மௌனமே.

முற்போக்காளராகிய நாமும் இதில் தவறியுள்ளோம். தனிக்கிணறு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, அவமானத்தைத் துடைத்தது. ஆயினும் அது உறுதியின் தருக்கத்தையே ஏற்றுக்கொண்டது. சிறு துண்டுக் காணியில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைய, சுண்ணக்கல் வெடிப்பினூடு நைத்திரேற்று கிணற்றை அடைந்தது. நிலம் குறைந்தோரே அதனை முதலில் பருகினர்.

மாற்றுக்கு முன்மாதிரி வெளியே தேடவேண்டியதில்லை. பங்குக் கிணறுகளில் பங்காளர் முறை வைத்து இறைத்தனர். அம்முறையைக் கிணற்றிலிருந்து வில்லைக்கு விரித்து, பங்கு எழுதப்படாதோரையும் அதற்குள் சேர்த்து, ஊர் தோறும் இறைப்பு மணி வகுக்கும் சட்டத்தை எழுத முற்படுவோர், முதலில் பழைய உறுதிகளைத் திரட்டிப் படித்தல் வேண்டும்.