வெண்பா: கிழிந்த பக்கமும் முதல் பாலும்

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 'வெண்பா' விளையாட்டை ஆடியவர்கள் சொல்லும் முதல் புகார் இதுதான். புதிர்கள் ரொம்ப எளிது என்பது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் கூச்சத்தோடு வரும்: நல்லாத்தான் இருந்துச்சு, கடைசியில் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு, ஆனா இதை சமையல் விளையாட்டுன்னு சொல்லலாமா?

மூன்றும் நியாயமான கேள்விகள். ரசிகர்கள் பலர் "உனக்குப் புரியல" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. நான் இதை இரண்டு தடவை ஆடினேன். முதல் தடவை தனியாக, இரண்டாவது தடவை பாளையங்கோட்டை வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க. இரண்டு தடவையும் ஆடியது ஒரே விளையாட்டு மாதிரி இல்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. ஆட நினைப்பவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள், ஒன்றரை மணி நேரம்தானே.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது, 2023 ஜூலை 31-ல் வெளிவந்தது. விலை சுமார் 15 டாலர். கணினியிலும் மற்ற பெட்டிகளிலும் கிடைத்தாலும், நின்டென்டோ ஸ்விட்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுவதற்கென்றே செய்தது போல இருக்கும். 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன தம்பதி வெண்பாவும் பாவலனும். அவர்கள் மகன் கவின். வெண்பா தன் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோயிருக்கிறாள். அதில் சில இடம் கிழிந்திருக்கிறது, சில இடம் கறை பட்டு அழிந்திருக்கிறது. மிச்சமிருப்பதை வைத்து, விடுபட்ட படியை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவான ஐ.ஜி.எஃப்-இன் பெரிய பரிசும் கிடைத்தது.

மூன்றாவது புகாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கையடக்கக் கருவியில் சமையல் விளையாட்டு என்றாலே பலருக்கு நினைவு வருவது 2006-ல் நின்டென்டோ டி.எஸ். கருவிக்கு வந்த 'குக்கிங் மாமா'தான். திரையில் குச்சியால் வெங்காயம் நறுக்க வேண்டும், மாவு பிசைய வேண்டும், கிளற வேண்டும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். கருக்கிவிட்டால் மாமா முறைப்பாள், ஆனாலும் தேற்றுவாள். முடிவில் பதக்கம். அதை விரும்பியவர்கள் சொன்ன காரணமும் சலித்தவர்கள் சொன்ன காரணமும் ஒன்றுதான்: அதே கை அசைவு, திரும்பத் திரும்ப. பஸ்ஸில் போகும்போது பத்து நிமிஷம் ஓட்டலாம். ஆனால் அங்கே யாருக்காகச் சமைக்கிறோம் என்ற கேள்வியே எழாது. சாப்பிட ஆள் இல்லாத சமையல்.

வெண்பாவில் நேர்மாறு. நேரக் கெடு கிடையாது, பதக்கம் கிடையாது, வேகமாக நறுக்கினால் மதிப்பெண் கிடையாது. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம். கைவேலை அநேகமாக எதுவுமில்லை. இங்கே சமையல் என்பது படிப்பது. பாதி அழிந்த ஒரு பிரதியைப் பூர்த்தி செய்வது. ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று பதிப்பாசிரியர் தேடுவாரே, ஏறக்குறைய அந்த வேலை. மாமா ஆடிய கையோடு வருகிறவர் ஏமாந்துபோவது இதனால்தான். அவர் கேட்டது கைக்கு வேலை, கிடைத்ததோ ஊகிக்கும் வேலை.

அந்த ஊகம்தான் ரொம்ப எளிது என்கிறார்களே? அங்கேதான் அம்மா வருகிறாள்.

முதல் அத்தியாயத்தில் இட்லி. மாவு ஊற்றிய தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது புதிர். ஒன்றின் மேல் ஒன்று நேராக அடுக்கினால் ஆவி சரியாகப் போகாது; குழி ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரும்படி திருப்பி வைக்க வேண்டும். முதல் தடவை தனியாக ஆடியபோது நான் இதில் ஒரு நிமிஷம் தடுமாறினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதி, தினமும் இட்லி சாப்பிட்டு வளர்ந்தவன். இரண்டாவது தடவை, அம்மாவுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நேராக அடுக்கினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விட்டாள். "ஏலே, நேருக்கு நேரா வச்சிருக்கியே, ஆவி எப்பிடில போவும்? திருப்பி வையி."

புட்டுக்கும் அப்படித்தான். குழலுக்குள் சில்லைப் போடாமல் மாவைப் போட்டால் எல்லாம் அடியில் உள்ள தண்ணீருக்குள் விழும். அம்மாவுக்கு அது புதிரே இல்லை. "இதையெல்லாமா ஒரு கேள்வின்னு கேக்கான்?" என்றாள்.

ஆக, இந்த ஆட்டத்தின் கடினம் ஆட்டத்துக்குள் இல்லை, ஆடுகிறவர் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. இட்லிக் கொப்பரையையே பார்த்திராத ஒருவர் ஆவி, எடை, அடுக்கு என்று யோசித்துத்தான் விடைக்கு வர வேண்டும். எனக்கு அது பாதி நினைவு. அம்மாவுக்கு வெறும் பழக்கம். எளிது என்று சொல்லும் தமிழ் ஆட்டக்காரர்கள் பலர் உண்மையில் சொல்வது எனக்கு இது முன்பே தெரியும் என்பதைத்தான். தெரிந்ததைக் கண்டுகொள்கிற சந்தோஷம் வேறு, தெரியாததைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் வேறு. வானொலியில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசைப் பாணியில் பாட்டு ஒலிக்கும்போது நமக்கு வருவதும் முதல் வகைதான். (அந்தப் பாட்டுகள் பிரமாதம். பாட்டு முடியட்டும் என்று கடுகு தாளிக்காமல் காத்திருந்தேன்.)

நீளத்தைப் பற்றி. 15 டாலருக்கு ஒன்றரை மணி நேரம் என்று வகுத்துப் பார்க்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காசு அவரவர் காசு. ஆனால் பெயரைக் கொஞ்சம் பார்க்கலாம். அம்மா வெண்பா, அப்பா பாவலன். மகனுக்குக் கவின், அதாவது அழகு. வெண்பா என்ற பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மற்ற அடிகளெல்லாம் நான்கு சீர் வந்தாலும் கடைசி அடி மூன்று சீரில் நின்றுவிட வேண்டும். அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக அமைய வேண்டும். படிக்கிறவர் இன்னொரு சீரை எதிர்பார்க்கும் இடத்தில் பாட்டு முடிந்திருக்கும். செய்தவர்கள் இதையெல்லாம் நினைத்துத்தான் பெயர் வைத்தார்களா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆண்டுகள் தாவுகின்றன, ஒவ்வொன்றும் நாம் இன்னும் கொஞ்சம் எதிர்பார்க்கும் இடத்தில் நிற்கிறது. மகன் வருவான் என்று வெண்பா ஒரு விருந்தையே சமைத்துவைத்து, அவன் வராமல் போகும் அத்தியாயம் ஒன்று உண்டு. அதை இன்னும் பத்து நிமிஷம் இழுத்திருந்தால் டிவி சீரியலாகியிருக்கும்.

அம்மா வேறு மாதிரி கேட்டாள்: "இதுல அல்வா கிண்ட விடுவானா?" விடமாட்டான்மா என்றேன். கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, தெளியவைத்து, அப்புறம் நெய் விட்டு விட்டுக் கை ஓயும்வரை கிண்டுவதை அப்படியே விளையாட்டாக்கினால் நீளப் புகார் தீர்ந்துவிடும். ஆனால் அதை மாமா விளையாட்டின் ரசிகர்கள்தான் வாங்குவார்கள்.

இனி என்னுடைய புகார். ஆடியவர்கள் யாரும் இதை அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

போன மார்கழியில் அம்மாவைச் சொதி வைக்கச் சொன்னேன். வைக்கச் சொன்னேன் என்றால், அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்ய. கை நடுங்குவதால் இரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு சொதி. தேங்காயை மூன்று தடவை பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூணாம் பால் என்று தனித்தனியே எடுத்துவைக்க வேண்டும். பாசிப்பருப்பு தனியாக வேகும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் மூணாம் பாலில் வேகும். இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்தது, அப்புறம் இரண்டாம் பால், பருப்பு. முதல் பால் கடைசியில். அதை ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சை. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

பார்த்தால் இது அப்படியே வெண்பாவில் வந்திருக்க வேண்டிய புதிர். மூன்று கிண்ணம், ஒரே நிறம், எது எப்போது? நானே அதை வரைபடமாக, அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டேன். சமையலறைத் தராசு வைத்து கிராம் கணக்கும் எழுதினேன். ஒரு கட்டத்தில், "முதல் பாலை எப்பம்மா ஊத்தணும்?" என்று கேட்டேன். எனக்கே தெரியும், எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டேன். அம்மா வாயைத் திறந்தாள், நிறுத்தினாள். அடுப்பைப் பார்த்தாள். "ஊத்துவோம்லா..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

விளையாட்டில் கிழிவது புத்தகம். பாட்டி எழுதிவைத்தது அழிந்தாலும், தர்க்கம் இருந்தால் மீட்டுவிடலாம், மீட்டால் சுவையும் கூடவே வந்துவிடும் என்று ஆட்டம் நம்புகிறது. திரையில் வரும் பிரியாணி எப்போதும் சரியான பிரியாணிதான். உப்பு கூடுவதில்லை, தீ அதிகமாவதில்லை. எங்கள் வீட்டிலோ கிழிய ஒரு புத்தகமே இருந்ததில்லை. அன்றைக்கு வரைபடப்படி, கிராம்படி நான் வைத்த சொதி தப்பில்லை. படிகள் எல்லாம் சரி. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குய்யா" என்றாள். சென்னையில் தம்பி வீட்டில் இருந்தபோது அவளே வைத்த சொதியைப் பற்றி "தண்ணி சரியில்ல, தாமிரபரணித் தண்ணி மாதிரி வராது" என்று குறை சொன்னவள் அவள். குறை சொல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்தப் புகாருக்குப் பதில் மாதிரி ஒன்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். பின்பகுதியில் நாம் வெண்பாவாக இல்லாமல் வளர்ந்த கவினாக ஆடுகிறோம். அவனுக்குத் தமிழ் அரைகுறை. அதே புத்தகம், ஆனால் இப்போது தாள் கிழிந்திருப்பது பெரிய விஷயமே இல்லை. எழுத்து முழுசாக இருந்தாலும் அவனால் தட்டுத்தடுமாறித்தான் படிக்க முடிகிறது. அதுவரை ஆட்டம் எளிது என்று சொல்லிக்கொண்டிருந்த தமிழ் ஆட்டக்காரர் அங்கே விசித்திரமான நிலையில் மாட்டுகிறார்: தாளில் இருப்பது நமக்குப் படிக்கத் தெரியும், நாம் ஆட்டுவிக்கும் ஆளுக்குத் தெரியாது. விளையாட்டு வடிவமைப்பாகப் பார்த்தால் மொத்த ஆட்டத்திலும் அதுதான் உச்சம் என்பேன். பதக்கமும் கடிகாரமும் இல்லாமல் ஒருவனைத் தோற்க வைக்க முடியும் என்று அங்கே காட்டிவிடுகிறார்கள். அங்கேயும் பிழை மொழியில்தான் இருக்கிறது, கையில் இல்லை என்பது என் மிச்சப் புகார். அவன் பிறகு அம்மாவைத் தேடிப் போகிறான் என்பதால் அதையும் முழுசாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பகுதி ஓடியபோது அம்மா திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பயலுக்கு வாசிக்கத் தெரியாதோ?" தெரியாதும்மா, அங்கேயே பொறந்து வளந்தவன்லா என்றேன். "அப்பம் போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே?"

பொங்கல் முடிந்து மறுபடி ஒரு நாள் சொதி வைத்தேன். இந்தத் தடவை தராசை எடுக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. முதல் பால் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அடுப்புப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டேன். கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை ஓரத்தில் மட்டும் எழுந்து நடுவுக்கு வருமுன், "தீயைக் கொறைல" என்றாள். கிண்ணம் ஆடியது, கொஞ்சம் மேடையில் சிந்தியது, மிச்சத்தை ஊற்றிவிட்டாள். என் வரைபடத்தில் அந்த இடத்தில் பத்தொன்பதாவது நிமிஷம் என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு மணி பார்க்க மறந்துவிட்டேன்.