நல்ல கணவன் என்னும் தீர்வு

வரலாற்றுக் காதல் நாவல்களை விமர்சகர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. பொழுதுபோக்கு எழுத்தென்று கூறி ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், மக்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தே அவர்தம் மனத்தில் சில எண்ணங்களை ஓசையின்றி ஊன்றிவிடுகின்றது. ஆதலின், இத்துறையில் பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜெற் ஹேயரின் (1902-1974) நாவலொன்றை அதன் சமுதாயப் பகைப்புலத்தில் வைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

1934இல் வெளிவந்த 'த கன்வீனியன்ற் மரிஜ்' (வசதிக்கேற்ற திருமணம்) என்னும் அந்நாவலின் கதை, 1776ஆம் ஆண்டில், மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் காலத்து இங்கிலாந்தில் நிகழ்கின்றது. வின்வூட் குடும்பம் பழம்பெருமை வாய்ந்தது, கையிலோ பணமில்லை. இருப்பதையும் மகன் சூதில் தொலைத்துக்கொண்டிருக்கிறான். இந்நிலையில், பெருஞ்செல்வனான றூல் பிரபு மூத்த மகள் எலிசபெத்தை மணங்கேட்கிறான். அவளோ வசதியற்ற படை அதிகாரி ஒருவனைக் காதலிப்பவள். பதினேழு வயதுக் கடைசித் தங்கை ஹொறேஷியா, றூலின் இல்லத்துக்குத் தானே சென்று, அக்காளை விட்டுத் தன்னை மணந்துகொள்ளுமாறு கேட்கிறாள். தன் புருவம் வளையாதது, தனக்குத் திக்குவாய், தான் இனி உயரப்போவதில்லை என்று தன் குறைகளைத் தானே அடுக்குகிறாள். அவனுடைய சொந்த விவகாரங்களில் தலையிடமாட்டேன் என்றும் வாக்களிக்கிறாள். முப்பத்தைந்து வயதான றூல் இசைகிறான்.

இக்காட்சியைப் படிப்போர் நகைக்கின்றனர். பெண்ணின் துணிச்சலை மெச்சுகின்றனர். துணிச்சல் உண்மையே. ஆனால், அது அவளுக்கு ஈட்டித்தந்த உரிமை யாது? குடும்பம் ஒரு மகளைக் கொடுத்தே தீரவேண்டும். எந்த மகள் என்பதை மாத்திரமே அவளால் மாற்ற முடிந்தது.

அக்காலச் சட்டத்தை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பாதோர் அனுமதிப்பத்திரம் பெற்று மணஞ்செய்யப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். மணமானதும் பெண்ணின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் அடங்கிவிடுமென்பதை 1765இல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரன் எழுதிவைத்தார். பிரபுக் குடும்பங்கள் தம் மகளிரின் பேரில் பொறுப்பாளரிடம் சொத்தை ஒப்படைத்து, கைச்செலவுப் பணத்தையும் கைம்மைக்கால வருவாயையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டன என்பது மெய்யே. ஆயினும், அவ்வொப்பந்தத்தைப் பேசி முடித்தோர் குடும்பத்து ஆடவரும் வழக்கறிஞருமேயன்றி மணமகள் அல்லள். மறுமணத்துக்கு இடந்தரும் விவாகரத்துக்கோ பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேறவேண்டும். அம்முறை நீங்கிய 1857 வரை, அவ்வழியில் விடுதலை பெற்ற பெண்கள் நால்வர் மாத்திரமே. அவருள் முதல்வர் அதனைப் பெற்றது 1801இல்.

இனி, நாவலின் பிற்பகுதியைக் காண்போம். றூலின் பகைவன் லெத்பிரிட்ஜ், ஹொறேஷியாவை வஞ்சனையால் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறான். அவள் அவனைத் தாக்கித் தப்புகிறாள். அவளது மார்புப் பதக்கம் அங்கே விழுந்துவிடுகின்றது. அதனை மீட்கத் தமையனும் நண்பரும் ஓடும் ஓட்டம் மிகச் சிறந்த நகைச்சுவையாகும். ஆனால், ஒரு பதக்கத்துக்காக இத்தனை ஓட்டம் எதற்கு? குற்றமற்ற ஒருத்தி கணவனிடம் உள்ளதைச் சொல்ல ஏன் அஞ்சுகிறாள்? வீட்டையும் நற்பெயரையும் மனைவி இழப்பதற்கு ஓர் ஐயமே போதுமாயிருந்த சமுதாயம் அது. மனைவியோடு தொடர்புடையவன் எனக் கருதும் ஆடவன்மீது கணவன் நட்டஈட்டு வழக்கும் தொடுக்கலாம், உடைமை சேதமுற்றாற்போல. நாவலின் சிரிப்பு இந்த அச்சத்தின்மீதே கட்டப்பட்டுள்ளது. ஆசிரியர் அச்சத்தைப் பயன்படுத்துகிறார். அச்சத்தின் காரணத்தை வினவுகிறாரில்லை. றூல் நல்லவன், அவன் நம்புகிறான், சிக்கல் தீர்கின்றது.

கணவன் அத்துணை நல்லவனாக வாய்க்காவிடின்? அதற்கு வரலாறு விடைதரும். கதை நிகழும் காலத்துக்கு இரண்டாண்டுகள் முன்னர், 1774இல், டெவன்ஷயர் கோமகனை மணந்தார் ஜோர்ஜியானா. சூதும் கடனும் அவர் வாழ்விலும் உண்டு. சாள்ஸ் கிறேயின் கருவை அவர் சுமந்தபோது, 1791இல் கணவன் அவரை நாட்டைவிட்டு அனுப்பினான். அந்நிய நாட்டில் பிறந்த மகளை அவர் கிறேயின் குடும்பத்தாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. தம் மூன்று பிள்ளைகளிடம் அவர் திரும்பியது 1793இல். கணவனுக்கும் மணவுறவுக்குப் புறம்பே பிள்ளைகள் இருந்தனர். அவனை எவரும் நாடுகடத்தவில்லை.

மாளிகை மகளிரின் துயரம், அம்மாளிகையில் தரை துடைத்த பணிப்பெண்ணின் துயரத்துக்கு ஈடாகுமா எனச் சிலர் கேட்கக்கூடும். ஈடாகாதுதான். எனினும், பிறர் உழைப்பில் வாழ்ந்த வர்க்கம் நிலத்தையும் பட்டத்தையும் காப்பதற்குத் தன் சொந்த மகளிரையே கருவியாக்கிற்று என்பதை உணராமல், அவ்வர்க்கத்தின் இயல்பை நாம் முழுமையாக அறிந்தவராகோம்.

ஹேயர் இதனை அறியாதவரல்லர். 1961இல் அவர் எழுதிய 'ஏ சிவில் கொன்றாக்ற்' நாவலில் பணம் திரைமறைவில் நிற்கவில்லை. தந்தை விட்டுச்சென்ற கடனால் பரம்பரை நிலத்தை இழக்கவிருக்கும் அடம் டெவெரில், தான் காதலித்த ஜூலியாவை விட்டு, செல்வ வணிகரின் மகள் ஜெனியை மணக்கிறான். ஜூலியாவோ வயதில் மூத்த பிரபு ஒருவரை மணக்கிறாள். அடமுக்கும் ஜெனிக்குமிடையே முடிவில் மலர்வது பெருங்காதலன்று. கூடிவாழ்ந்து பெற்ற மதிப்பும் பரிவுமே. காதற் கதையை நாடிவந்த வாசகருக்கு இது ஏமாற்றமாயிருக்கலாம். எனக்கோ, அவருடைய யதார்த்த நோக்கு இந்நாவலிலேயே முதிர்ந்து நிற்பதாகத் தோன்றுகின்றது.

இத்தகைய நாவல்களைப் படிக்கவேண்டாமென யான் கூறவில்லை. என் மாணவியர் கையில் அவற்றைக் காணும்போது பறிப்பதுமில்லை. கடைசிப் பக்கத்தை முடித்தபின் ஒரு வினாவை மட்டும் எழுப்புமாறு சொல்வேன்: அவன் நல்லவனாக இல்லாதிருந்தால், இவளுக்குக் கதவு எங்கே இருந்தது? நல்ல கணவன் வாய்ப்பது நற்பேறு. கதவு இருப்பது உரிமை. நற்பேற்றை உரிமையென மயங்கச் செய்யும் கதை, எத்துணை இனிமையுடையதாயினும், நம் விழிப்பை வேண்டிநிற்கும் கதையே.