மிச்சப் பக்கங்கள்

திரையில் நாவல் படிப்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. 1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. இன்று கடல் கடந்து வாழ்பவரும் அதில் 'பொன்னியின் செல்வ'னைக் காசில்லாமல் படிக்கலாம். நல்லதுதானே?

ஆனால் அச்சுப் புத்தகத்தில் ஐந்தாம் பாகம் வலது கைக்குள் மெலிய மெலிய, 'இத்தனை முடிச்சையும் இந்தக் கொஞ்சப் பக்கத்திலா அவிழ்க்கப் போகிறார்!' என்று தவிப்பு ஏறும். அதுவும் கதையின் சுவைதான். திரையோ சதவிகிதம் காட்டுகிறது. வட்டிக் கணக்கா பார்க்கிறோம்?

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராகப் படித்தவர்களுக்கும் மிச்சப் பக்கம் தெரியாதே என்பீர்கள். வாஸ்தவம். அவர்களுக்கு ஒரு வாரம் இருந்தது. அத்தியாயக் கடைசியில் ஆசிரியர் வைத்த திடுக்கிடலை ஏழு நாள் மனத்தில் உருட்டினார்கள். புத்தகத்தில் அந்த ஏழு நாள் போயிற்று, கனம் கிடைத்தது. திரையில் இரண்டும் இல்லை. விரல் பட்டதும் வந்தியத்தேவன் தப்பிவிடுகிறான்.