பட்டணத்துக் கரையில் இப்னு பதூதா

கப்பல் தங்கும் சில நாட்களில் ஒரு துறைமுக நகரைச் சுற்றிப் பார்த்து எழுதிவிடுதல் எளிது. அவ்வெழுத்து காலத்தைக் கடந்து உண்மையாய் நிற்பதோ அரிது. இவ்வளவுகோலைக் கொண்டு இப்னு பதூதாவின் பயண நூலில் மஅபர் நாட்டைப் பற்றிய பகுதியை மதிப்பிட விரும்புகிறோம். 1344ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்கு வந்த அவருடைய நினைவுகளை, மொராக்கோவில் இப்னு ஜுஸை என்பார் 1355இல் எழுதி முடித்தார்.

அவர் ‘பட்டணம்’ எனக் குறிக்கும் துறை எது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. பெரியபட்டினம் என்போர் உளர். ஆனால் அவர் தீட்டும் காட்சியில் மயக்கமில்லை. பெருந்தூண்களின்மீது நிற்கும் மரமண்டபம், அதற்குச் செல்லக் கூரையிட்ட மரப்பாதை, பகைவர் வந்தால் மரக்கலங்களை அதனோடு பிணைத்து, வில்லாளர் மேலேறிக் காக்கும் ஏற்பாடு, அழகிய கற்பள்ளிவாசல், திராட்சையும் மாதுளையும். நைஸாபூரைச் சேர்ந்த இறைநேசர் ஒருவர் வளர்த்த சிங்கம், மானொன்றுக்குத் தீங்கு செய்யாமல் அதனுடன் வாழ்ந்ததையும் சொல்கிறார். சில வரிகளில் நகரம் கண்முன் நிற்கிறது.

எனினும், அந்த மண்டபத்தை எழுப்பிய தச்சர் யார்? அப்பள்ளியில் தொழுதோர் வீட்டில் எம்மொழி பேசினர்? இவற்றுக்கு அவரிடம் விடையில்லை. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் சாலைகள் கூடும் செம்பட்டியில் வாழும் நமக்கு இக்குறை நன்கு விளங்கும். பேருந்து நிற்கும் நேரத்தில் இறங்கித் தேநீர் அருந்திச் செல்பவர் கடைத்தெருவைக் காண்பார், ஊரைக் காணமாட்டார்.

ஆயின் அவரை உயர்த்துவது வேறொன்று. மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலர், விருந்தளித்தவர், மாலத்தீவின்மீது படையெடுக்க அவருடன் இவரே திட்டமிட்டதும் உண்டு. அத்தகையவர், சிறைப்பட்ட எளிய மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு சுல்தான் கழுவேற்றியதை மறைக்கவில்லை. இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடமும் கண்டதில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்கிறார்.

உறவும் மார்க்கமும் ஒன்றாயினும் அநீதியை அநீதி என்றே சொல்லுதல் திருக்குர்ஆன் நமக்கு விதித்த சாட்சியம். முன்னோர் பெருமை பேசுங்கால் மாதுளையையும் மண்டபத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு இப்பக்கத்தைத் தள்ளிவிடுவது அவருக்கும் நீதியன்று, அம்மக்களுக்கும் நீதியன்று. நம் பிள்ளைகளுக்கு இந்நூலை முழுதாகவே படித்துக் காட்டுவோம்.